கைச்சூட்டில் கரைந்தது

ஜூன் 9

மருந்து கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. ஆறு மாதமாக மேஜைக்கால் ஆடாமலிருக்க அடியில் கிடந்தது. இன்று டாக்டர் ஹெலன் அதை உருவி என் கையில் கொடுத்தார். "ஆளுங்களத் திட்டுற நேரத்துல இதுல எழுதுங்க சுயம்பு. இதுக்கு வலிக்காது."

எழுதுகிறேன். வேலைக் குறிப்பு மட்டும்.

மூன்று வருஷம் மனிதர்களின் பிளட் பேங்கில் வேலை பார்த்தேன். பிப்ரவரியிலிருந்து தூத்துக்குடியில் இந்தப் பிராணிகள் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். லேப் என்றால் முன்பு தீவனம் அடுக்கியிருந்த அறை. ஒரு மைக்ராஸ்கோப், ஒரு சென்ட்ரிஃபியூஜ், ஒரு ஃபிரிட்ஜ்.

மேனேஜர் திரும்பிவிட்டார். மேனேஜர் என்பது ஆஸ்பத்திரிப் பூனை. ஆறு கிலோ கடுவன். ரிசப்ஷன் மேஜையில் உட்கார்ந்து வருகிறவர்களை முறைப்பதால் அந்தப் பெயர். ரத்தம் குறைந்த குட்டிகளுக்கு அவர்தான் ரத்தம் கொடுப்பவர். மூன்று நாள் காணாமல் போய் இடது காது கிழிந்து வந்து நிற்கிறார்.

"லீவு லெட்டர் குடுக்காம போயிட்டு வாற மொகரையப் பாருங்க" என்றார் ஜெயக்கொடி அக்கா. ரத்தம் எடுப்பது, ஊசி போடுவது, பிராணிகளைப் பிடிப்பது எல்லாம் அவர்தான்.

நான் மேனேஜரைத் தேடவில்லை. பீச் ரோடு பக்கம் வேறு வேலையாக இரண்டு தடவை போனேன்.

ஜூன் 14

ஃபிரிட்ஜ் கதவில் அறிவிப்பு ஒட்டினேன். ஒன்று: ரத்தம் எடுத்ததும், உறையாமல் தடுக்கிற மருந்து கலக்கும்படி, டியூப்பை எட்டு முறை புரட்ட வேண்டும். இரண்டு: புரட்டியதும் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், என்னைக் கூப்பிடக் கூடாது, நேரம் கிடைக்கும்போது நானே எடுத்துப் பார்ப்பேன். மூன்று: ரிஜிஸ்டரில் தப்பாக எழுதினால் ஒயிட்னர் பூசக் கூடாது. ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும்.

அக்கா படித்துவிட்டு, "கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு" என்றார்.

ஜூன் 30

மேனேஜருக்கு மூன்று மாத ரத்தச் சோதனை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் டியூப் சுவரெல்லாம் ரவை ரவையாகக் கட்டி. உறைந்த மாதிரி. அக்கா ஒழுங்காகப் புரட்டவில்லை. சொன்னேன். மறுபடி எடுக்கப் போனால் மேனேஜர் பீரோ மேல் ஏறிவிட்டார். அரை மணி நேரம் வீண். ஆள் நன்றாகத்தான் இருக்கிறார், சாப்பாடு கொஞ்சம் குறைவு, வெயில்தானே. மார்ச் எண்களையே எழுதி முடித்தேன்.

சென்ட்ரிஃபியூஜ் மூடி ஆடுகிறது. ஸ்க்ரூ வாங்க வேண்டும்.

ஜூலை 3

ராயப்பன் அண்ணாச்சி என்று ஒருவர், மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் பிளாண்டில் ஆபரேட்டர். ஐம்பது வயது இருக்கும். மீன் வைக்கிற தெர்மோகோல் பெட்டியில் துண்டை விரித்து ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவந்தார். பத்து வாரம், எண்ணூறு கிராம், பெயர் சில்லு. ஐஸ் உடைக்கிற இடத்தில் பிறந்ததாம். உடம்பு வெள்ளை. ஈறும் வெள்ளை.

துண்டை உதறினேன். மிளகுத்தூள் மாதிரி கொட்டியது. ஈரப் பஞ்சில் வைத்ததும் சிவப்பாகக் கரைந்தது. தெள்ளுப்பூச்சியின் எச்சம். அத்தனையும் குட்டியின் ரத்தம்.

"அண்ணாச்சி, இது உங்க இடம் அசிங்கமா கெடக்கறதுக்கு வந்த வினை" என்றேன்.

"ஐஸ் பிளாண்டுல எங்கன தம்பி அசிங்கம்? எல்லாம் தண்ணிதான."

"தெள்ளு தண்ணியிலயா முட்டை போடுது? ஐஸ மூடுற சாக்குல போடுது. சாக்கு எல்லாத்தையும் எரிங்க. குட்டியக் கொன்னுருப்பிய."

அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். டாக்டர் என்னை முறைத்தார்.

பி.சி.வி. பதினொன்று. நூறு பங்கு ரத்தத்தில் சிவப்பணு எத்தனை பங்கு என்கிற கணக்கு இது. இந்த வயதுக் குட்டிக்குக் குறைந்தது இருபத்தைந்து வேண்டும்.

"மேனேஜரோட கடைசி ரிப்போர்ட் என்ன?" என்று கேட்டார் டாக்டர்.

"நார்மல். மூணு நாள்தான் ஆகுது."

மேனேஜரிடமிருந்து பதினாறு மில்லி எடுத்து ஏற்றினோம். சாயங்காலம் சில்லு எழுந்து தெர்மோகோலைப் பிறாண்டியது.

ஜூலை 4

ஸ்க்ரூ அளவு தப்பு. மறுபடி கடைக்கு.

ஜூலை 8

சில்லு வீட்டுக்குப் போனது. பி.சி.வி. இருபத்திரண்டு. சாக்கையெல்லாம் எரித்து, பிளாண்ட் முழுக்க மருந்தடித்துவிட்டதாக அண்ணாச்சி சொன்னார். "முதலாளி கேட்டாரு, பூனைக்காகவாலே சாக்க எரிச்சேன்னு. லேப்பு தம்பி ஏசுனாரு முதலாளின்னு சொல்லிட்டேன்."

ஜூலை 14

மட்டக்கடை ஷீபா டீச்சரின் பூனைக்குட்டி மாடியிலிருந்து விழுந்து உள்ளே ரத்தப்போக்கு. மேனேஜர் பதினெட்டு மில்லி கொடுத்தார். பிழைத்தது.

ஜூலை 26

பனிமய மாதா கோயில் கொடியேற்றம். ஊரே ரோட்டில் நிற்கிறது. ராயப்பன் அண்ணாச்சி அந்தக் கூட்டத்துக்குள் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார்.

சில்லுக்கு நூற்றுநாலரை டிகிரி காய்ச்சல். எழுந்து நிற்கவில்லை. இரண்டு நாளாக ஐஸ் வார்க்கிற இரும்பு அச்சின் துருவை நக்கிக்கொண்டிருந்ததாம்; ரத்தம் குறைந்தால் பூனைகள் அப்படி நக்கும். ஈறு வெள்ளை, அதில் லேசாக மஞ்சள். பி.சி.வி. பதினேழு. உடம்பில் ஒரு தெள்ளுகூட இல்லை. நான் சீப்பு போட்டுத் தேடினேன்.

பி.சி.வி. பார்த்து முடித்து, நான் சென்ட்ரிஃபியூஜ் மூடியைக் கழற்றிப் போட்டிருந்த நேரம். முழுச் சோதனைக்கு அக்கா ரத்தம் எடுத்து, என் சட்டப்படி, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் ரவை ரவையாகக் கட்டி.

"அக்கா, பெரட்டணும்னு எத்தனை மட்டம் சொல்றது?"

"பெரட்டினேன் தம்பி."

"எத்தனை மட்டம்?"

"எட்டு."

"எட்டு மட்டம் பெரட்டினா உறையாது."

"அப்ப ஒம்பதுன்னு வச்சிக்கிடுங்க. ரத்தம் உறைஞ்சதுக்கு எங்கிட்ட என்ன வெளக்கம் கேக்கிய? நானா உறையச் சொன்னேன்?"

'உறைந்த மாதிரி, ஏற்கப்படவில்லை' என்று ஸ்டாம்பு அடித்தேன். மறுபடி எடுத்தார். மறுபடி ஃபிரிட்ஜ். மறுபடி கட்டி. மறுபடி ஸ்டாம்பு.

"இன்னொரு மட்டம் குத்தணும்னா ஒங்க கையில குத்துதேன்" என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே போனார். கண் கலங்கியிருந்தது. குட்டியின் கால் ரோமமெல்லாம் மழித்து இரண்டு இடத்தில் நீலம் பாய்ந்திருந்தது.

டாக்டர் காய்ச்சலுக்கு அமாக்ஸிசிலின் தொடங்கினார்.

ஜூலை 27

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். எனக்கே நம்பச் சிரமமாக இருக்கிறது.

காலையில், தள்ளிய டியூப்கள் இரண்டையும் சிவப்புத் தொட்டியில் போட எடுத்தேன். ஒன்றைப் போட்டேன். அதற்குள் அக்கா வந்து ஆகஸ்ட் ஐந்து, மாதா திருநாளுக்கு லீவு வேண்டும் என்றார். திருநாளன்று எல்லாரும் லீவு போட்டால் நாயை யார் பிடிப்பது என்றேன். "நீங்க பிடிங்க. வாய் ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோலத்தான் இருக்கு" என்றார். இப்படி ஐந்து நிமிஷம். இன்னொரு டியூப் என் கைக்குள்ளேயே இருந்தது.

அக்கா போனதும் கையைத் திறந்தேன். கட்டி இல்லை.

சாய்த்துப் பார்த்தேன். ரத்தம் சுவரில் வழவழவென்று ஓடியது. ஒரு ரவைகூட இல்லை. வேறு டியூப்பை எடுத்துவிட்டேனா என்று லேபிளைப் பார்த்தேன். சில்லு, ஜூலை 26. என் ஸ்டாம்புதான்.

உறைந்த ரத்தம் உறைந்ததுதான். அது திரும்பக் கரையாது. முட்டையை அவித்தபின் அதைப் பச்சை முட்டையாக்க முடியாது. அப்படியானால் நேற்று நான் பார்த்தது என்ன?

ஃபிரிட்ஜில் பத்து நிமிஷம் வைத்தேன். கட்டி. கைக்குள் ஐந்து நிமிஷம். கட்டி இல்லை. ஃபிரிட்ஜ். கட்டி. கை. இல்லை. பதினொரு தடவை செய்தேன். அதற்கிடையில் இரண்டு நாய்கள் வந்து ஸ்டூல் டெஸ்டுக்குக் காத்திருந்தன. காத்திருக்கட்டும்.

அக்கா கதவருகே நின்று பார்த்தார். "என்ன தம்பி, டியூப்புக்கு மந்திரம் ஓதுதியளா?"

"இத கையில பிடிங்க."

பிடித்தார். அவர் கையில் மூன்றே நிமிஷத்தில் கரைந்தது. "இப்ப இது என் கைராசியா, இல்ல அதுக்கும் ஏச்சு உண்டா?" என்றார். டியூப்பை வாங்கி மறுபடி ஃபிரிட்ஜில் வைத்தேன்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பூனையின் ரத்தம் வேண்டியிருந்தது. மேனேஜர் வராந்தாவில்தான் படுத்திருந்தார். நாய் ரத்தத்தை எடுத்துக்கொண்டேன். அது குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி ஓடியது.

மனிதர்களிலும் இது உண்டு. குளிர்ந்தால் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிற எதிர்ப்புப் பொருள் சிலர் ரத்தத்தில் இருக்கும். பிளட் பேங்கில் மூன்று வருஷத்தில் இரண்டு பேரிடம் பார்த்திருக்கிறேன். பூனைக்கும் இருக்கலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்ற நேரம் கொடுக்கவில்லை. ஸ்டாம்பு கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது.

டாக்டரிடம் காட்டினேன். அவரும் மூன்று தடவை செய்து பார்த்தார். முகம் மாறியது. "குளிர்ல ஒட்டுற ரத்தம், காய்ச்சல், மஞ்ச ஈறு. சிவப்பணு மேல ஏறி உக்காருற பாக்டீரியா ஒண்ணு இருக்கு. ஸ்மியர் போடுங்க. டியூப்புல இருந்து வேணாம், காது நுனியில இருந்து நேரா எடுங்க. டியூப்புல ரொம்ப நேரம் கெடந்தா அது அணுவ விட்டு உதிர்ந்துரும்."

இதுவரை நான் போட்ட ஸ்மியர் எல்லாம் ஃபிரிட்ஜ் டியூப்பிலிருந்துதான். எல்லாவற்றிலும் 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருக்கிறேன்.

காதில் ஒரு சொட்டு. கண்ணாடியில் இழுத்து, ஜீம்சா சாயம் ஊற்றி, கழுவி, காயவைத்து, எண்ணெய் விட்டு லென்ஸை இறக்கினேன். சிவப்பணுக்களின் விளிம்பில் கருநீலப் புள்ளிகள். ஒன்று, இரண்டு, சிலவற்றில் நாலைந்து கோர்வையாக, குண்டூசி முனையால் தொட்டு வைத்த மாதிரி.

சாயத் தூசி என்றுதான் முதலில் நினைத்தேன். சாயத்தை வடிகட்டி மறுபடி போட்டேன். அப்படியே இருந்தன. தூசியாக இருந்தால் அணுவுக்கு மேல் மிதக்கும். ஃபோகஸைக் கொஞ்சம் திருப்பினால் அணு மங்கித் தூசி மட்டும் தெளியும். இவை அணுவோடு சேர்ந்தே தெளிந்தன, அணுவோடு சேர்ந்தே மங்கின.

யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதிக்கொள்கிறேன். அழகாக இருந்தன.

மைக்கோபிளாஸ்மா. சுவரே இல்லாத பாக்டீரியாவாம். பாக்டீரியாவின் சுவரை இடிக்கிற மருந்து அமாக்ஸிசிலின். இல்லாத சுவரை இடித்து என்ன ஆகப்போகிறது? அதை நிறுத்தி டாக்ஸிசைக்ளின் தொடங்கினார் டாக்டர். நான்கு வாரம். குட்டியின் உடம்பே தன் சிவப்பணுக்களைத் தாக்குவதால் அதை அடக்கக் கொஞ்சம் பிரெட்னிசலோன். டாக்ஸி கொடுத்த கையோடு சிரிஞ்சில் ஐந்து மில்லி தண்ணீர் கட்டாயம் கொடுக்க வேண்டும். தொண்டையில் தங்கினால் உணவுக்குழாய் புண்ணாகிச் சுருங்கிவிடும்.

இரண்டு மணி நேரம் கழித்து டியூப்பிலிருந்தும் ஒரு ஸ்மியர் போட்டுப் பார்த்தேன், சும்மா. புள்ளிகள் பாதிக்குமேல் உதிர்ந்திருந்தன. டாக்டர் சொன்னது சரி.

ஜூலை 28

சில்லு பி.சி.வி. பதினான்கு. மருந்து வேலை செய்ய இரண்டு மூன்று நாள் ஆகும் என்கிறார் டாக்டர். கீழே இறங்குவது அதற்குள் நிற்க வேண்டும்.

எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "தெள்ளுல இருந்துதான். அதுதான் பரப்பும்னு நெனக்கிறாங்க, முழுசா நிரூபிக்கல" என்றார். வேறு வழிகள் உண்டா என்று கேட்டேன். "சண்டையில கடிச்சா வரலாம். ரத்தம் ஏத்தினா வரலாம். இங்க அதுக்கு வாய்ப்பில்ல, மேனேஜர நீங்க பாத்திருக்கீங்கள்ல."

ஜூலை 29

தெள்ளு. பொருந்துகிறது. முதல் நாள் அத்தனை தெள்ளு இருந்ததே.

அண்ணாச்சி வந்தார். "சாக்க எரிச்சேன், மருந்தடிச்சேன், பொண்டாட்டிய ஏசினேன், பாய வெயில்ல போட்டேன். இன்னும் எங்கனருந்து தம்பி வருது?" இன்னும் நன்றாக மருந்தடிக்கச் சொன்னேன்.

ஸ்லைடு இரண்டு பெட்டி வாங்க வேண்டும். ஜீம்சா தீரப்போகிறது. சென்ட்ரிஃபியூஜ் மூடி இப்போது ஆடவில்லை.

மேனேஜர் என் நாற்காலியில் தூங்குகிறார். எழுப்பவில்லை. நின்றுகொண்டே வேலை பார்த்தேன்.

ஜூலை 30

காலை ஒன்பது மணிக்கு சில்லு பி.சி.வி. பத்து. மூச்சு வாங்கியது. தலையைத் தூக்கவில்லை.

"ரத்தம் ஏத்தாம தாங்காது. மேனேஜரக் கொண்டு வாங்க" என்றார் டாக்டர்.

அக்கா மேனேஜரைத் தூக்கி வந்து மேஜையில் படுக்கவைத்தார். கழுத்து ரோமத்தை மழிக்க டிரிம்மரைப் போட்டார். நான் ரத்தப் பையோடு பக்கத்தில் நின்றேன். மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எல்லாரையும் அப்படித்தான் பார்ப்பார்.

"வேண்டாம்" என்றேன். டிரிம்மர் சத்தத்தில் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"என்ன வேண்டாம்?" என்றார் டாக்டர்.

"மேனேஜர் ரத்தம். ஜூன் முப்பது டியூப்பும் இப்பிடித்தான் ரவை ரவையா இருந்துச்சி. உறைஞ்சதுன்னு போட்டுட்டேன். திரும்ப எடுக்கல."

"ரிஜிஸ்டர்ல நார்மல்னு இருக்கு."

"மார்ச் மாச நம்பர். அதப் பாத்து எழுதினேன்."

டிரிம்மர் நின்றது. அக்காதான் முதலில் பேசினார். "அன்னைக்கும் என்னத்தான ஏசினிய?"

"ஆமா."

டாக்டர் கணக்குப் போட்டார். எனக்குத் தெரியும், நானும் அதே கணக்கை மூன்று நாளாகப் போட்டுக்கொண்டிருந்தேன். ஜூன் தொடக்கத்தில் காது கிழிந்தது. மூன்று வாரத்தில் ரத்தம் குளிரில் ஒட்டியது. அதற்கு மூன்றாம் நாள் சில்லுக்கு ஏற்றினோம். அதிலிருந்து மூன்று வாரத்தில் சில்லு விழுந்தது.

"இத நீ முந்தாநாளே சொல்லியிருக்கணும்" என்றார். இதுவரை என்னை 'நீங்க' என்றுதான் சொல்லியிருக்கிறார். பிறகு குட்டியைப் பார்த்தார். "பேசறத அப்புறம் பேசலாம். இப்ப ரத்தம் வேணும்."

அண்ணாச்சிக்கு ஃபோன் போட்டேன். பிளாண்டில் பெரிய பூனை ஏதாவது இருக்கிறதா என்றேன்.

"மீன் எறங்குற எடத்துல பூனைக்கா தம்பி பஞ்சம்? எத்தன வேணும்?"

நாற்பது நிமிஷத்தில் லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். நாலு மீன் கூடை, ஒவ்வொன்றின் மேலும் வலையைச் சுற்றிக் கட்டியிருந்தது, உள்ளே ஒவ்வொரு பூனை. கையெல்லாம் பிறாண்டல். "கோயில் கூட்டத்துல ஒருத்தன் கேக்கான், அண்ணாச்சி இது என்ன நேர்ச்சைன்னு. வெலகு மூதி, அவசரம்னேன்."

முதல் பூனை பீரோ மேல் ஏறிவிட்டது. விட்டுவிட்டோம். இரண்டாவதுக்கே பி.சி.வி. குறைவு. மூன்றாவது ஒரு சாம்பல் நிறப் பெட்டை, நாலரைக் கிலோ, தின்று கொழுத்தது. நாலாவது அக்காவைக் கடித்தது.

சாம்பல் பெட்டையின் ரத்தம் எடுத்து அக்கா என் கண் முன்னாலேயே புரட்டினார். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினார், எட்டு வரை. அண்ணாச்சியின் பெட்டியிலிருந்த ஐஸில் டியூப்பைப் புதைத்துப் பத்து நிமிஷம் காத்திருந்தேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு பொறுமையாக நின்றதில்லை. எடுத்துச் சாய்த்தேன். வழவழவென்று ஓடியது. காது ஸ்மியரில் புள்ளி இல்லை. கார்டில் சொட்டு விட்டு ரத்த வகை பார்த்தேன். சில்லுக்கும் இதற்கும் ஒரே வகை. இரண்டு ரத்தத்தையும் உடம்புச் சூட்டு வெந்நீரில் வைத்துச் சேர்த்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.

"ஸ்மியர்ல புள்ளி இல்லங்கறதால நோய் இல்லன்னு ஆயிராது" என்றார் டாக்டர். "ஒரு நாள் தெரியும், மறுநாள் ஒளிஞ்சிக்கும். ஆனா குட்டிக்கு மருந்து ஏற்கெனவே போகுது. தெரிஞ்சே எடுக்கிற ரிஸ்க் இது." 'தெரிஞ்சே' என்பதை அழுத்திச் சொன்னார்.

ஒரு மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடிந்தது. பதினாலு மில்லி. நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒவ்வொரு கால் மணிக்கும் மூச்சையும் நாடியையும் எண்ணினேன். அது என் வேலையில்லை. ஐந்தே காலுக்குச் சில்லு என் விரலை நக்கியது. துரு என்று நினைத்திருக்கும்.

ஜூலை 31

சில்லு பி.சி.வி. பதினெட்டு. காய்ச்சல் குறைகிறது.

டாக்டர் மூன்று வேலை கொடுத்தார். மேனேஜர் ரத்தத்தை வெளியூர் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்ப வேண்டும். புள்ளி கண்ணில் படாவிட்டாலும் அது காட்டிவிடும். சில்லுடையதையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ரிஜிஸ்டரைத் திருத்த வேண்டும். மேனேஜர் ரத்தம் போன இரண்டு வீட்டுக்கும் நானே சொல்ல வேண்டும்.

ரத்தம் அனுப்பிவிட்டேன். மேனேஜர் ரத்தத்தை ஐஸிலும் வைத்துப் பார்த்தேன். இப்போது கட்டவில்லை. ஸ்மியரிலும் ஒன்றும் தெரியவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஷீபா டீச்சருக்கு ஃபோன் செய்தேன். குட்டி போன வாரமே இறந்துவிட்டதாம். திடீரென்று சோர்ந்து, காய்ச்சல் வந்து, இரண்டே நாளில். இங்கே கொண்டுவர நேரமில்லை என்றார். "உங்க மேல ஒண்ணும் இல்ல சார், நீங்கல்லாம் அன்னைக்கு எவ்வளவு பாத்தீங்க" என்றார். நான் ஜூன் முப்பதைச் சொன்னேன். டீச்சர் ஃபோனை வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 2

அண்ணாச்சியிடம் சொன்னேன். பார்வை நேரத்தில் சில்லுக்கு அவித்த மீன் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிளட் பேங்கில் ஆட்களிடம் எய்ட்ஸ் ரிப்போர்ட் சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் தடுமாறியதில்லை. இன்று மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் தெள்ளுப்பூச்சியைப் பற்றிப் பேசினேன்.

"தம்பி, மருந்தெல்லாம் அடிச்சாச்சி. விடும்" என்றார்.

"தெள்ளால இல்லாம இருக்கலாம் அண்ணாச்சி. நாங்க ஏத்தின ரத்தத்துலயே இருந்துருக்கலாம். அத நான் பாத்துருக்கணும். பாக்காமலே பாத்தேன்னு எழுதினேன்."

மீன் பிய்ப்பதை நிறுத்தவில்லை. முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்தார். "அப்ப நான் சாக்க எரிச்சது?"

"தெள்ளு அன்னைக்கு இருந்தது நிசம். முதல்ல ரத்தம் குறைஞ்சது அதனாலதான். ரெண்டாவது எதனாலன்னு சொல்ல முடியல."

"டெஸ்ட்டு வச்சிச் சொல்ல முடியாதா?"

"முடியாது. ஜூன் முப்பது டியூப் இருந்தாத்தான் முடியும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "'குட்டியக் கொன்னுருப்பிய'ன்னு சொன்னியளே தம்பி, அந்த வார்த்தை ஒரு மாசமா எனக்குச் சோறு எறங்க விடல. இப்ப அத நான் ஒங்களப் பாத்துச் சொல்லவா?"

"சொல்லுங்க."

சொல்லவில்லை. கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் பிளாண்டுக்குப் போனார். மீதி மீனை நான்தான் பிய்த்துக் கொடுத்தேன். முள் எடுக்க எனக்குப் பழக்கமில்லை, நேரம் ஆனது.

ஆகஸ்ட் 5

திருநாள். அக்காவுக்கு லீவு. இரண்டு நாயை நான் பிடித்தேன். ஒன்று கடித்தது.

ஆகஸ்ட் 7

சில்லு பி.சி.வி. இருபத்துநாலு. வீட்டுக்குப் போகிறது. மருந்துச் சீட்டில் 'டாக்ஸி கொடுத்தபின் ஐந்து மில்லி தண்ணீர்' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். அண்ணாச்சி பேசாமல் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

ரிஜிஸ்டர்: நாளை.

ஆகஸ்ட் 13

பி.சி.ஆர். வந்தது. இரண்டுமே பாசிட்டிவ். இரண்டிலும் பாக்டீரியா ஒரே இனம். மேனேஜருக்கு இனி ரத்தம் கொடுக்கும் வேலை கிடையாது. அவருக்கும் மாத்திரை தொடங்குகிறது. மருந்து முடிந்தாலும் ரத்தத்தில் எங்காவது கொஞ்சம் தங்கியிருக்கலாமாம்.

"ரிட்டையர்டு" என்றார் அக்கா. "பென்ஷன் உண்டா டாக்டர்?"

மாத்திரை கொடுக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 16

மேனேஜர் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, நான் போனபிறகு துப்புகிறார். மேஜைக்கு அடியில் மூன்று கிடந்தன. இப்போதெல்லாம் கொடுத்துவிட்டுத் தண்ணீரும் விட்டு, பத்து நிமிஷம் மடியில் வைத்திருக்கிறேன். வேறு வழியில்லை.

ரிஜிஸ்டர்: நாளை.

ஆகஸ்ட் 21

ஃபிரிட்ஜ் கதவு அறிவிப்பைக் கிழித்தேன். புதியது: பூனை ரத்தம் என்றால் உடனே கூப்பிடவும். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும்.

"தூங்கிட்டு இருந்தா?" என்றார் அக்கா.

"நான் எப்ப தூங்கினேன்?"

"வாய் மட்டும் தூங்கல" என்றார். மூன்று வாரத்துக்குப் பிறகு என்னிடம் செய்த முதல் கிண்டல்.

ஆகஸ்ட் 27

டாக்ஸி முடிந்து மூன்று நாள். சில்லைக் கொண்டுவரச் சொல்லாமல் நானே ஐஸ் பிளாண்டுக்குப் போனேன். அக்காவும் வந்தார், ரத்தம் எடுக்க.

ஐஸ் பிளாண்ட் நான் நினைத்த மாதிரி இல்லை. தரை கழுவிப் பளிச்சென்று இருந்தது. சாக்குக்குப் பதில் நீலத் தார்ப்பாய். சில்லு ஒரு இரும்பு அச்சின் மேல் உட்கார்ந்து எங்களை முறைத்தது. ஒன்றரைக் கிலோ. சாம்பல் பெட்டை அதன் காதை நக்கிக்கொண்டிருந்தது. ஈறு ரோஸ் நிறம்.

அக்கா எடுத்தார். எட்டு தடவை புரட்டினார். நான் எண்ணவில்லை. டியூப்பை ஐஸ் பாளத்தின்மேல் வைத்தேன். பத்து நிமிஷம். அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்றார். மூன்று வாரத்துக்கு மேலாக அவர் என்னிடம் நேராகப் பேசியது இல்லை.

"கட்டினா கையில பிடிச்சிக் கரைக்கணும், அப்பிடித்தான? இந்த மட்டம் நான் பிடிக்கேன்."

எடுத்துச் சாய்த்தேன். வழவழவென்று ஓடியது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"எனக்குக் கரைக்க ஒண்ணுமில்லையா?" என்றார். ஏமாந்த முகம். ஆனாலும் டியூப்பை வாங்கிக் கைக்குள் வைத்துக்கொண்டே இருந்தார், நாங்கள் கிளம்பும்வரை. பிறகு காது ஸ்மியர் போட்டேன். பி.சி.வி. முப்பது.

"மறுபடி வருமா தம்பி?"

"வரலாம். சோர்ந்தா, துருவ நக்கினா அன்னைக்கே கூப்பிடுங்க."

"கூப்பிட்டா எடுப்பியளா? இல்ல ஃபிரிட்ஜில வைக்கச் சொல்லுவியளா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும்.

திரும்பி வந்து ரிஜிஸ்டரை எடுத்தேன். ஜூன் 30. மேனேஜர். மார்ச் எண்கள், என் கையெழுத்தில், கொஞ்சமும் பிசிறில்லாமல். அதன்மேல் ஒரே கோடு போட்டேன். பக்கத்தில் எழுதினேன்: 'சோதிக்கவில்லை. மாதிரி உறைந்ததாகத் தவறாக எண்ணித் தள்ளப்பட்டது.' கையெழுத்து, இன்றைய தேதி.

அக்காவிடம் காட்டினேன். விரல் வைத்து மெதுவாகப் படித்தார்.

"எட்டு மட்டம் பெரட்டினேன்னும் எழுதுங்க" என்றார்.

எழுதினேன்.